மூன்று எழுத்துமுறைகளுக்கு நடுவே: மும்பைத் தமிழரும் முதியோர் கல்வியின் டிஜிட்டல் கருவிகளும்

மும்பையின் பெஸ்ட் பேருந்துகள் நெடுங்காலமாகத் தம் முகப்பில் தட எண்ணைத் தேவநாகரி இலக்கத்தில் காட்டிவருகின்றன. மாநகராட்சியின் அறிவிப்பு மராத்தியில் வருகிறது. தாராவியின் கோயில் திருவிழாச் சுவரொட்டி தமிழில் இருக்கிறது. வங்கியின் குறுஞ்செய்தி பெரும்பாலும் ரோமன் எழுத்தில் வந்து சேர்கிறது. பள்ளிப் படிப்பு வாய்க்காத ஒரு தமிழ்ப் பெண் அங்கே மூன்று எழுத்துமுறைகளுக்கு நடுவே ஒவ்வொரு நாளையும் கடக்கிறார். ஆனால் அவர் மொழியற்றவர் அல்லர். வீட்டில் தமிழும், சந்தையில் பம்பாய் இந்தியும், வேலையிடத்தில் ஓரளவு மராத்தியும் பேசுகிறார். முதியோர் கல்வித் திட்டங்கள் அவரை எவ்வாறு கண்டன என்பதை ஒரு நூற்றாண்டு அளவில் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது: ஒவ்வொரு கற்பித்தல் கருவியும், தன் மாணவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டுதான் பிறக்கிறது. அந்த முடிவுக்குள் அடங்காதவர் வகுப்பறைக்கு வெளியே நின்றுவிடுகிறார்.

மும்பைத் தமிழர் ஒரே வார்ப்பில் வந்தவர்கள் அல்லர். தாராவியின் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் முக்கியமானவர்கள். அங்கிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவிலுள்ள மாட்டுங்காவில் குடியேறியவர்களுள் எழுத்தர்களும் தட்டச்சர்களும் கணக்கர்களும் மிகுதி; எழுத்தே அவர்களுடைய பிழைப்பு. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றியதும் அந்த மாட்டுங்காவில்தான். செம்பூருக்கு அப்பால் டிராம்பேயில் உள்ள சீத்தா முகாமின் வரலாறு வேறு வகையானது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது அங்கிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட இடம் அது. அவர்களில் தமிழர் கணிசமானோர். ஒரே மொழியைப் பேசியவர்களிடையே எழுத்தோடு உள்ள உறவு இவ்வாறு சாதியாலும் தொழிலாலும் வெளியேற்றத்தாலும் பிளவுபட்டிருந்தது.

பம்பாயில் தொழிலாளர் கல்விக்கு நீண்ட மரபு உண்டு. நா. ம. ஜோஷி 1911-இல் தொடங்கிய சமூக சேவைக் கழகம் ஆலைத் தொழிலாளர்களுக்காக இரவுப் பள்ளிகளையும் படிப்பகங்களையும் நடத்தியது. 1937-இல் பதவியேற்ற பி. ஜி. கேர் தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவைக் காலத்தில் இம்முயற்சி அரசின் பொறுப்பாகவும் மாறியது. 1939-இல் பம்பாய் நகருக்கெனத் தனியே ஒரு முதியோர் கல்விக் குழு அமைந்தது. பிற்காலத்தில் அது சமூகக் கல்விக் குழு என்று பெயர் மாறியது. எழுத்துகளை மட்டும் கற்பிப்பது போதாது, குடிமைக் கல்வியும் வேண்டும் என்ற விடுதலைக்குப் பிந்தைய சிந்தனை அப்பெயர் மாற்றத்தில் தெரிகிறது.

பெயர்களைப் பற்றி இங்கே ஒரு குறிப்பு தேவை. தமிழில் இத்துறைக்கு நிலைத்த சொல் ‘முதியோர் கல்வி’. மராத்தியில் ‘பிரௌட சிக்ஷண்’. அதாவது முதிர்ச்சி பெற்றோரின் கல்வி. தமிழ்ச் சொல் கேட்பவர் மனத்தில் நரைத்த தலையை எழுப்புகிறது. ஆனால் 1978 அக்டோபர் 2-இல் தொடங்கிய தேசிய முதியோர் கல்வித் திட்டமும், 1988 மே மாதம் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கமும் இலக்காகக் கொண்டது 15 முதல் 35 வயது வரையிலானவர்களை. உழைக்கும் வயதில் உள்ள ஒருவரை ‘முதியோர்’ என்ற சொல் அழைப்பதில்லை. மாணவர் யார் என்ற பிழையான கற்பனை, பாடநூலுக்கு முன்பே துறையின் பெயரில் குடியேறிவிட்டது.

1990-களின் தொடக்கத்தில் தமிழகத்தில் எழுந்த அறிவொளி இயக்கம் இக்கற்பனையைப் பெருமளவு கலைத்தது. புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்றது உலகறிந்த செய்தி. நெல்லை மாவட்ட இயக்கத்தில் பணியாற்றிய எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தம் அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ என்ற நூலாக்கினார். தாராவித் தமிழர் பலரின் பூர்வீக மாவட்டம் அது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஊரில் தங்கியவருக்கு அறிவொளி வகுப்பு கிடைத்தது. பிழைப்புத் தேடி ரயிலேறியவருக்குக் கிடைக்கவில்லை. இயக்கம் மாவட்டத்தை அலகாகக் கொண்டிருந்தது. புலம்பெயர்ந்தவர் எந்த மாவட்டக் கணக்கிலும் நிற்பதில்லை.

அறிவொளி ஆசிரியர்கள் எதிர்கொண்ட மொழியியல் சிக்கல் இன்றும் தீரவில்லை. தமிழ் இரட்டை வழக்கு மொழி. ‘பேருந்து வந்துகொண்டிருக்கிறது’ என்று அச்சிட்ட வரியைப் படிக்கும் புதிய வாசகர் ‘பஸ் வந்துக்கிட்டு இருக்கு’ என்றுதான் பேசிவந்திருக்கிறார். எழுத்தைக் கூட்டிப் படித்த பிறகும், படித்தது தம் சொல்தான் என்று அவர் உடனே உணர்வதில்லை. ஆகவே அவர் ஒரே நேரத்தில் இரண்டு பாடங்களைக் கற்கிறார்: ஒன்று வரிவடிவம், மற்றொன்று எழுத்து வழக்கு. பாடநூல் முதலாவதை மட்டுமே கணக்கில் கொள்கிறது.

பிரேசிலின் அங்கிகோஸ் நகரில் 1963-இல் பாவ்லோ பிரேய்ரேயின் குழு சுமார் 300 தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ 40 மணி நேரத்தில் எழுத்தறிவு புகட்டியது. கற்போரின் வாழ்விலிருந்து பொறுக்கியெடுத்த சொற்களே அவருடைய முறையின் அடிப்படை. ‘செங்கல்’ என்ற சொல்லை எழுத்துகளாகப் பிரிப்பதற்கு முன், செங்கல் சுமப்பவரின் உழைப்பைப் பற்றிய உரையாடல் நடக்கும். மறு ஆண்டே இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிரேய்ரே சிறை சென்றார். சொல்லிலிருந்து எழுத்துக்குச் செல்லும் பாதை எவ்வளவு அரசியல் தன்மை உடையது என்பதற்கு அச்சிறையே சான்று.

அதே ‘40 மணி நேரம்’ என்ற எண் மும்பையில் வேறொரு வடிவத்தில் திரும்பி வந்தது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம், எஃப். சி. கோலியின் முன்முயற்சியில், 2000-ஆம் ஆண்டு கணினிவழிச் செயல்முறை எழுத்தறிவுத் திட்டத்தை ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் சோதித்தது. எழுத்துகளை வரிசையாக மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக, கற்பவர் ஏற்கெனவே அறிந்த சொற்களை முழு உருவாகத் திரையில் காட்டி, குரலோடு இணைத்து, பின்னர் எழுத்துகளாகப் பிரிப்பது அதன் முறை. தெலுங்கில் தொடங்கி, தமிழ், மராத்தி, இந்தி உள்ளிட்ட மொழிகளுக்கும் அது விரிந்தது. தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் வழக்கமான பாடத்திட்டம் ஏறத்தாழ 200 மணி நேரம் கோரியது. அதோடு ஒப்பிட்டால் காலச் சுருக்கம் பெரிது. நாள் முழுதும் வேலைசெய்து களைத்த ஒருவருக்கு 160 மணி நேரம் மிச்சமாவது சிறிய செய்தியன்று.

ஆனால் அச்சுருக்கத்திற்கு ஒரு விலை இருந்தது. அத்திட்டம் வாசிப்பை முதன்மைப்படுத்தியது, எழுதுவது பின்தள்ளப்பட்டது. பிரேய்ரேயின் வகுப்பில் சொல்லைச் சுற்றி நிகழ்ந்த உரையாடலுக்கும் மென்பொருளில் இடம் குறைவு. செய்தித்தாளின் தலைப்பைப் படிப்பது இலக்காக இருந்த 2000-இல் அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. கைபேசி வந்தபின் நிலைமை மாறியது. கடவுச்சொல் இடுவது, படிவம் நிரப்புவது, புகார் அனுப்புவது எல்லாமே எழுதும் செயல்கள். படிக்க மட்டும் தெரிந்தவர் டிஜிட்டல் உலகில் பார்வையாளராகவே நிற்க வேண்டியுள்ளது.

இந்நிலையில் அரசின் பெருந்திட்டங்கள் நகரத்து ஏழையைத் தொடர்ந்து தவறவிட்டன. 2009-இல் தொடங்கிய சாக்ஷர் பாரத், பெண்களின் எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளை இலக்காகக் கொண்டது. 2017-இல் ஒப்புதல் பெற்ற பிரதமர் ஊரக டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம், வீட்டுக்கு ஒருவர் என 6 கோடி ஊரகக் குடும்பங்களுக்கு 20 மணி நேரப் பயிற்சி என்று திட்டமிட்டது. 2024 மார்ச்சில் முடிவுறும் முன் அந்த எண்ணிக்கையைக் கடந்தும் விட்டது. ஊரகத்துக்கு முன்னுரிமை தந்ததில் நியாயம் உண்டு. ஆயினும் மும்பையின் சராசரி எழுத்தறிவு விகிதம் உயர்ந்திருப்பதாலேயே அதன் குடிசைப் பகுதிகளில் வாழும் எழுத்தறியாதவர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார். மாட்டுங்காவின் பட்டதாரி தாராவியின் கைநாட்டைப் புள்ளிவிவரத்தில் மறைத்துவிடுகிறார்.

2022-27 காலத்துக்கான புதிய எழுத்தறிவுத் திட்டம், அதாவது ‘உல்லாஸ்’, 15 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் உரியது. ‘முதியோர் கல்வி’ என்ற பெயரைக் கைவிட்டு ‘அனைவருக்கும் கல்வி’ என்ற பெயரை அது ஏற்றது. டிஜிட்டல் எழுத்தறிவை வாழ்க்கைத் திறன்களுள் ஒன்றாகச் சேர்த்தது. பாடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. கோட்பாட்டளவில், சென்னையில் ஆக்கப்பட்ட தமிழ்ப் பாடம் இப்போது தாராவியின் கைபேசியிலும் திறக்கும். மாவட்ட எல்லை என்ற பழைய சுவர் இடிந்துவிட்டது. ஆனால் கற்பிப்பவர் தன்னார்வலர். பெரும்பாலும் ஒரு மாணவர், அண்டை வீட்டார் அல்லது உறவினர். மூன்று எழுத்துமுறைகளுக்கு நடுவே நிற்கும் ஒருவருக்கு எதை, எந்த வரிசையில் கற்பிப்பது என்று அவருக்கு வழிகாட்டும் கையேடு எது?

மொழியியல் இங்கே நேரடியாகப் பயன்படும். தமிழில் ககரத்துக்கு ஒரே வரிவடிவம். தேவநாகரியில் அவ்விடத்தில் நான்கு. தமிழ் மட்டும் படித்தவருக்கு இது தடை எனத் தோன்றும். ஆனால் மும்பைத் தமிழர் இந்தி பேசும்போது அவ்வொலிகளில் பலவற்றைக் காதால் ஏற்கெனவே பிரித்தறிகிறார். ‘கோலி’ (அறை), ‘நாக்கா’, ‘பகார்’ (சம்பளம்) போன்ற சொற்கள் அவர் நாவில் உள்ளன. அச்சொற்களைக் கொண்டே தேவநாகரியைத் தொடங்கலாம். எகர, ஐகாரக் குறிகள் மெய்யின் இடப்புறம் வருவதைத் தமிழில் கற்றவருக்கு, தேவநாகரியின் இகரக் குறி இடப்புறம் வருவது வியப்பளிக்காது. ஓர் எழுத்துமுறையைக் கற்ற உழைப்பு அடுத்ததற்கு முதலாகிறது. ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே எழுதப்பட்ட பாடநூல்கள் இந்த முதலைப் பயன்படுத்துவதே இல்லை.

குரல்வழித் தொழில்நுட்பம் வந்தபின் எழுத்தே தேவையில்லை என்ற வாதம் இன்று கேட்கிறது. 2017-இல் கூகுளின் குரல் தட்டச்சு தமிழுக்கும் மராத்திக்கும் வந்தது. 2022-இல் சாதாரணக் கைபேசியிலேயே பணம் அனுப்பும் வசதி அறிமுகமாயிற்று. பார்வைக் குறைபாடு உடையோருக்கும் எழுதப் பழகாத கைகளுக்கும் இவை பெரும் விடுதலை. உள்ளடக்கிய கல்வி இவற்றைப் புறக்கணிக்க முடியாது. எனினும் சொன்னதை இயந்திரம் சரியாக எழுதியிருக்கிறதா என்று சரிபார்க்க வாசிப்பு வேண்டும். வந்த தொகையை ஒலிபெருக்கி உரக்கச் சொல்லிவிடும். ஒப்பந்தத்தின் நிபந்தனையை அது சொல்லாது.

தாராவியில் இது அருவமான கவலையன்று. மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததைச் சான்றுகளால் நிறுவுவோருக்கே தாராவிக்குள் இலவச வீடு என்பது விதி. பழைய மின்கட்டண ரசீதில் உள்ள பெயரும் வாக்காளர் பட்டியலில் உள்ள பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது இன்று அங்கே எழுத்தறிவின் முதல் தேர்வு. தமிழ்ப் பெயர் ஒன்று மராத்தி எழுத்தருடைய காதின் வழியே தேவநாகரிக்கும், அங்கிருந்து ரோமனுக்கும் சென்று மூன்று வடிவம் எடுப்பது இயல்பு. அதைத் தாமே கண்டுபிடித்துத் திருத்தக் கோருபவருக்கும், இடைத்தரகரை நம்பி நிற்பவருக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு வீடாகவே இருக்கலாம்.

ஆகவே மும்பைத் தமிழருக்கான கற்பித்தல் கருவி எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு இந்த நூற்றாண்டு வரலாறே விடை தருகிறது. முதல் பாடம் கற்பவரின் சொந்தப் பெயர். அது மூன்று எழுத்துமுறைகளிலும் அருகருகே இருக்க வேண்டும். இரண்டாவது பாடம் அவருடைய முகவரி. மூன்றாவது, அவர் கையில் ஏற்கெனவே உள்ள ஓர் ஆவணம். பேச்சு வழக்கில் ஒலிப்பதிவும், எழுத்து வழக்கில் வரியும் ஒன்றாகத் தரப்பட வேண்டும். கற்பிக்கும் தன்னார்வலருக்கு, பதில்களோடு கேட்க வேண்டிய கேள்விகளும் தரப்பட வேண்டும். இவற்றைச் செய்யப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. எழுத்தறியாதவர் மொழியறிந்தவர் என்பதை ஏற்றுக்கொள்ளும் பாடத்திட்டம் ஒன்றே தேவை.