புனேயிலிருந்து புன்னக்காயல் வரை

2021 ஜனவரி 12 அதிகாலை, புனே சீரம் நிறுவனத்திலிருந்து குளிரூட்டிய லாரிகள் கிளம்பின. அன்றே கோவிஷீல்டு கொரோனா தடுப்பூசி விமானம் ஏறிச் சென்னைக்கு வந்துவிட்டது. 5 மில்லி கண்ணாடிக் குப்பி. உள்ளே 10 பேருக்கான மருந்து. ஊசி ஏறும்வரை அதற்கு 2 முதல் 8 டிகிரிக் குளிர் இருந்தாக வேண்டும்.

அதன் வழி: சென்னைக் கிடங்கு, திருநெல்வேலி மண்டலக் கிடங்கு, தூத்துக்குடி மாவட்டக் கிடங்கு, அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐ.எல்.ஆர். எனும் குளிர்பெட்டி. இத்தனை கை மாறும் பொருளுக்கு முன்பெல்லாம் தாள் பதிவேடுதான் துணை. ஓர் ஊரில் மருந்து தேங்கிக் கிடக்கும், பக்கத்து ஊரில் தீர்ந்திருக்கும். மேலிடத்துக்குத் தெரிய நாளாகும். 2015-இல் மத்திய சுகாதார அமைச்சகம், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோடு சேர்ந்து தொடங்கிய ‘இவின்’ எனும் மின்னணு இருப்புக் கண்காணிப்பு முறை இதை மாற்றியது. கிடங்குப் பொறுப்பாளரின் கைக்கு ஸ்மார்ட்போன் வந்தது. வரவு, செலவு, இருப்பு மூன்றும் அதில் ஏறின. குளிர்பெட்டிக்குள் இருக்கும் கருவி, சிம் கார்டு வழியே வெப்பநிலையை அனுப்பியது. மின்சாரம் போய்ச் சூடு ஏறினால் நள்ளிரவிலும் குறுஞ்செய்தி வரும். கொரோனா காலத்தில் தடுப்பூசிப் பதிவுக்கான ‘கோவின்’ தளம் எழுந்தது இந்த அடித்தளத்தின் மேல்தான்.

ஐ.எல்.ஆரை விட்டு வெளியேறிய குப்பிக்குக் கிராம சுகாதார செவிலியரே காவல். உறைபெட்டியில் இருந்த ஐஸ் பேக்கை அப்படியே தடுப்பூசி கேரியரில் அடுக்கினால் மருந்து உறைந்து வீணாகிவிடும். அதனால் வெளியே வைத்து வியர்க்க விடுவார்கள். காதருகே குலுக்கி, உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் கேரியருக்குள் வைப்பார்கள்.

மூடியைத் திறந்தால் 4 மணி நேரம்தான். அதற்குள் 10 பேரும் வந்தாக வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்துப் புன்னக்காயல் போன்ற கடலோர ஊரில் இது எளிதல்ல. ஏப்ரல் 15 தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகுகளோ கடலுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். அவை எந்நேரம் கரை பிடிக்கும், எந்த வீட்டில் ஊசிக்குப் பயந்து ஒளிவார்கள் என்பதெல்லாம் தெருத்தெருவாக நடந்த செவிலியருக்குத்தான் தெரியும்.

கைப்பேசி, மருந்து எங்கே இருக்கிறது என்று மாநிலத்துக்கே காட்டியது. பெரிய சாதனைதான். ஆனால் குப்பியின் பயணம் கிடங்கில் முடிவதில்லை, தோளில் முடிகிறது. அடுத்த தொற்றுக்குச் செயலி எழுதுபவர்கள், முகாம் எந்நேரம், எந்தத் தெருவில் என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை அந்தச் செவிலியரின் கையிலேயே கொடுக்க வேண்டும்.