புற்றுநோய்ச் சிகிச்சை நெறிமுறைகள்: சான்றுகளின் தர மதிப்பீடு

ஒரு சிகிச்சைப் பரிந்துரைக்கு அடிப்படையான மருத்துவ ஆய்வுகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்று முறைப்படி ஆராய்ந்து தரம் பிரிப்பது சான்றுத் தர மதிப்பீடு எனப்படும். இதன் தேவையை அழுத்தமாக உணர்த்தியது மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாறு.

மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றும் அறுவையை அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் விவரித்தார். முறையான ஒப்பீடு இல்லாமலேயே அது பல பத்தாண்டுகள் நிலைத்தது. நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து ஒப்பிடும் வழியை 1948இல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் ஆய்வு நிலைநாட்டியது. அவ்வழியில் பெர்னார்ட் ஃபிஷர் குழுவினர் 1971இல் தொடங்கிய ஆய்வு, தசைகளை வெட்டியெடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று காட்டியது.

1979இல் கனடாவின் பணிக்குழு ஒன்று சான்றுகளை வரிசைப்படுத்தியது. சமவாய்ப்பு ஆய்வு முதலிடத்திலும் வல்லுநர் கருத்து கடைசியிலும் இடம்பெற்றன. ஆயினும் 1990களில், மிகை அளவு கீமோதெரபி கொடுத்துக் குருதி மூல உயிரணுக்களை மீண்டும் செலுத்தும் சிகிச்சை, உரிய ஒப்பீட்டுக்கு முன்பே மார்பகப் புற்றுநோயாளிகளிடையே பரவியது. உடல் வலுவுள்ளவர்களே அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதால் பலன் மிகையாகத் தெரிந்தது. 1999இல் அதற்கு வலுவான ஆதரவாக வந்தது தென்னாப்பிரிக்க மருத்துவர் வெர்னர் பெஸ்வோடாவின் ஆய்வு. மறு ஆண்டு அமெரிக்கக் குழு நேரில் சென்று ஆவணங்களைச் சரிபார்த்தபோது அதன் மோசடி வெளிப்பட்டது.

2000இல் உருவான ‘கிரேடு’ பணிக்குழு, சான்றை உயர்வு, நடுத்தரம், தாழ்வு, மிகத் தாழ்வு என நான்காகப் பிரித்தது. சமவாய்ப்பு ஆய்வானாலும் அதில் பக்கச்சாய்வோ, முடிவுகளில் முரண்பாடோ, துல்லியக் குறைவோ இருந்தால் தரம் இறங்கும். கட்டி சுருங்கியதை மட்டும் அளந்து, ஆயுள் நீண்டதா என்று பார்க்காத ஆய்வும் மறைமுகச் சான்றாகவே கருதப்படும். சான்றின் தரமும் பரிந்துரையின் வலிமையும் தனித்தனியே குறிக்கப்படுவது இம்முறையின் சிறப்பு.

புற்றுநோய்ச் சிகிச்சை நெறிமுறைகளை வெளியிடும் அமெரிக்காவின் என்.சி.சி.என். அமைப்பு, பத்துப் புற்றுநோய்களுக்கு வழங்கிய 1,023 பரிந்துரைகளை ஆராய்ந்த கட்டுரை 2011இல் வெளியானது. உயர்தரச் சான்றும் ஒருமித்த உடன்பாடும் கொண்டவை 6 விழுக்காடே. தாழ்ந்த நிலைச் சான்றோடு உடன்பாட்டில் நின்றவை 83 விழுக்காடு. அரிய புற்றுநோய்களில் பெரிய ஆய்வுக்குப் போதிய நோயாளிகள் கிடைப்பதில்லை. ஆகவே தாழ்ந்த தரம் என்பதாலேயே ஒரு சிகிச்சை தவறாகிவிடாது. ஆனால், வல்லுநர்கள் ஒத்துக்கொண்டது எது, ஆய்வு மெய்ப்பித்தது எது என்று அறிந்து முடிவெடுப்பது நோயாளியின் உரிமை. அதற்குத் துணைநிற்பதே தர மதிப்பீட்டின் முதன்மைப் பயன்.