பிரென்னர் கணவாயும் டிரோல் வரைபடமும்

அட்லாஸ் டிரோலென்சிஸ் என்பது ஆல்ப்ஸ் மலையிலுள்ள டிரோல் நாட்டை அளந்து வரைந்து, 1774-இல் வெளியிடப்பட்ட தலப்படமாகும். ஏறத்தாழ 1:1,04,000 அளவையில் 20 தாள்களாக அமைந்த இப்படத்தை உருவாக்கியவர்கள் பீட்டர் அனிச், பிளாசியஸ் ஹியூபர் என்னும் இரு உழவர்கள். அனிச் இன்ஸ்புருக் நகரப் பேராசிரியர் ஒருவரிடம் கணிதமும் வானியலும் கற்றவர். 1766-இல் அவர் இறந்தபின் ஹியூபர் பணியை நிறைவு செய்தார்.

படத்தின் நடுப்பகுதியில் பிரென்னர் கணவாய் உள்ளது. இதன் உயரம் சுமார் 1,370 மீட்டர். கணவாய்க்கு வடக்கே பாயும் சில் ஆறு, இன் ஆற்றில் கலந்து, தன்யூப் வழியாகக் கருங்கடலை அடைகிறது. தெற்கே பாயும் ஐசாக் ஆறு, அடிஜே ஆற்றின் வழியாக ஏட்ரியாட்டிக் கடலை அடைகிறது. ஆகவே கணவாய் ஒரு நீர்ப்பிரி மேடு ஆகும். ஆனால் அன்று அது நாட்டெல்லை அன்று. இருபுறமும் டிரோல் நாடே. இருபுறமும் ஜெர்மன் பேசும் மக்களே வாழ்ந்தனர். கணவாய் அவர்களை இணைக்கும் வழியாக இருந்தது.

முதல் உலகப் போரின்போது, 1915-ஆம் ஆண்டு லண்டன் உடன்படிக்கையில் பிரென்னர் வரையிலான நிலம் இத்தாலிக்கு உறுதியளிக்கப்பட்டது. நீர்ப்பிரி மேடே இயற்கை எல்லை என்பது இத்தாலியின் வாதம். எல்லைகள் தேசிய இன அடிப்படையில் அமைய வேண்டும் என்று கூறியிருந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனும் இதற்கு இசைந்தார். 1919-ஆம் ஆண்டு செயின்ட் ஜெர்மைன் உடன்படிக்கையால் ஜெர்மன் பேசும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தாலியின் ஆட்சிக்குள் வந்தனர். அந்த விதிகூட முழுமையாகப் பின்பற்றப்படவில்லை. இன்னிச்சென், செக்ஸ்டன் ஆகிய ஊர்களின் நீர் திராவா ஆறு வழியாகத் தன்யூபுக்கே செல்கிறது. எனினும் அவையும் இத்தாலிக்கே சென்றன.

பாசிச ஆட்சியில் ஜெர்மன் வழிக் கல்வி நிறுத்தப்பட்டது. ஊர்ப்பெயர்கள் இத்தாலிய மொழிக்கு மாற்றப்பட்டன. 1939-இல், ஜெர்மனிக்குக் குடிபெயர்வதா, தம் மொழியுரிமையை விட்டு ஊரிலேயே தங்குவதா என மக்கள் தேர்ந்தெடுக்க நேர்ந்தது. பல்லாயிரம் பேர் வெளியேறினர்.

1946-இல் ஆஸ்திரியாவும் இத்தாலியும் செய்துகொண்ட ஒப்பந்தமும், 1972-இல் நடைமுறைக்கு வந்த தன்னாட்சிச் சட்டமும் அவர்களின் மொழிக்கு மீண்டும் பாதுகாப்பு அளித்தன. 1998-இல் பிரென்னரில் எல்லைச் சோதனை நீக்கப்பட்டது.

நீர் எத்திசையில் பாய்கிறது என்பதைத் தலப்படம் காட்டும். அங்கு வாழ்வோர் எந்த நாட்டினர் என்பதை மலைமுகடு தீர்மானிப்பதில்லை; அதைத் தீர்மானித்தவர்கள் மனிதர்களே.