சுல்தான்: அதிகாரமா, ஆளா?

அரபியில் 'சுல்தான்' என்பது முதலில் ஓர் ஆளைக் குறிக்கவில்லை. அதிகாரம், மறுக்க முடியாத சான்று என்பதே பொருள். குர்ஆனிலும் அப்படித்தான் வருகிறது. அரமேய மொழியில் ஆட்சியைக் குறிக்கும் 'ஷுல்தானா' இதன் நெருங்கிய உறவு. ஆள்பவனுக்கு அது பட்டமானது பிற்பாடுதான். தென் அரேபியாவின் லஹஜ் நாட்டில் இந்த இரு பொருளும் தனித்தனியே பிரிந்தன. 1728இல் ஏமன் இமாமிடமிருந்து விலகிய லஹஜின் அப்தலி குலத்தார் ஏடன் துறைமுகத்தையும் வசப்படுத்தி வளர்ந்தனர். 1839 ஜனவரியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஏடனைப் பிடித்தது. சுல்தானுக்கு உதவித்தொகை கிடைத்தது, பட்டமும் தங்கியது. வெளியுறவு மட்டும் காலப்போக்கில் பிரிட்டனிடம் கைமாறியது.

வரியும் வழக்கும் துபன் ஓடையின் பாசன நீரும் அவரிடமே இருந்தனவே என்று கேட்கலாம். உண்மைதான், மழை அரிதான மண்ணில் வெள்ளநீரின் மீதான உரிமை சாமானியமானதல்ல. ஆனால் சுல்தான் யார் என்பதைத் தீர்மானிக்கும் கடைசிச் சொல் யாருடையது? தென் அரேபிய அரசுகளுக்காகப் பிரிட்டன் முன்வைத்த கூட்டமைப்பை எதிர்த்த லஹஜ் சுல்தான் அலி பின் அப்துல் கரீமுக்கான அங்கீகாரம் 1958இல் விலக்கப்பட்டது. நாடு திரும்ப முடியாமல் அவர் கெய்ரோவில் தஞ்சம் புகுந்தார். அடுத்த ஆண்டே லஹஜ் அந்தக் கூட்டமைப்பில் சேர்ந்தது. 1967இல் பிரிட்டன் வெளியேற, அதே ஆண்டில் சுல்தானகமும் ஒழிந்தது.