வோல்ஃப்: ஜெர்மன் கண்ணிவெடிக் கப்பல்

முதல் உலகப் போரில் கொழும்பு, பம்பாய்க் கடல்வழிகளில் கண்ணிவெடி விதைத்த ஜெர்மன் கப்பல் வோல்ஃப். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய எம்டன் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. வோல்ஃப் வந்து போனதுகூட நம் கரைக்குத் தெரியாது. ஆனால் நம் கடலில் அது விட்டுச்சென்ற ஆபத்து எம்டனுடையதைவிட நீண்டது.

1913-ல் வாக்ட்ஃபெல்ஸ் என்ற சரக்குக் கப்பலாக வெள்ளோட்டம் கண்டது. வேகம் மணிக்கு 11 கடல் மைலைத் தாண்டாது. வோல்ஃபின் பலமோ சரக்குக் கப்பல் என்ற வேடத்தில் இருந்தது. மடித்துத் திறக்கும் பக்கத் தட்டிகளுக்குப் பின்னே 15 செ.மீ. பீரங்கிகள், டார்பிடோ குழாய்கள். வேவு பார்க்க ‘வோல்ஃப்சென்’ என்ற சிறு கடல் விமானம். வயிற்றில் ஏறத்தாழ 460 கண்ணிவெடிகள். தலைவர் கார்ல் ஆகஸ்ட் நெர்கர்.

கண்ணிவெடி வேலை செய்யும் விதம் எளிது. அடியில் நங்கூரம், அதிலிருந்து எஃகு வடம், வட நுனியில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதக்கும் இரும்பு உருண்டை. உருண்டையில் ஈயக் கொம்புகள் துருத்தி நிற்கும். கப்பல் உரசிக் கொம்பு வளைந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குப்பி உடையும். அமிலம் கசிந்து மின்கலத்தை உயிர்ப்பிக்க, மருந்து வெடிக்கும்.

1916 நவம்பர் 30-ல் கீலிலிருந்து கிளம்பிய வோல்ஃப், நன்னம்பிக்கை முனையில் முதல் வெடிகளை இட்டுவிட்டு, 1917 பிப்ரவரியில் கொழும்புக்கும் பிறகு பம்பாய்க்கும் வந்தது. பிப்ரவரி 17-ல் ஊஸ்டர்ஷயர், 21-ல் பெர்சியஸ் கொழும்புக்கு அருகே மூழ்கின. பம்பாய்க்குத் தெற்கே மங்கோலியா என்ற பயணிக் கப்பல் மூழ்கியது ஜூன் 23-ல். அப்போது வோல்ஃப் நியூசிலாந்து பக்கம் போயிருந்தது. நான்கு மாதம் காத்துக் கிடந்த வெடி அது. வருவது யார் என்று அதற்குத் தெரியாது. வணிகக் கப்பல்களைத் தடுப்பதற்காக மட்டுமே எதிரித் துறைமுகத்தின் முன் கண்ணியிடுவதை 1907 ஹேக் உடன்பாடு தடுத்திருந்தது. அந்த விதிக்கு மட்டும் ஜெர்மனி விலக்கு வைத்துக் கையெழுத்திட்டது. இந்த ஓட்டை பலரின் உயிரைக் குடித்தது.

ஒரு துறைமுகத்திலும் ஒதுங்காமல் 451 நாள் ஓடி, வழியில் 14 கப்பல்களைப் பிடித்து, 400-க்கும் மேற்பட்ட கைதிகளோடு 1918 பிப்ரவரி 24-ல் வோல்ஃப் கீல் திரும்பியது. போருக்குப் பின் பிரான்ஸ் கைக்கு மாறி, ‘அந்தினோஸ்’ என்ற பெயரில் மறுபடி சரக்கு ஏற்றி, 1931-ல் உடைக்கப்பட்டது.