மஜ்ரீத்தின் மதில்

ஓவியக் கலையின் அருஞ்செல்வங்களைக் காண விழைவோர் ஸ்பெயினின் தலைநகரான மாட்ரிட்டுக்குச் செல்கின்றனர். 1819 இல் திறக்கப்பெற்ற பிராதோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸ், கோயா முதலியோரின் ஓவியங்களைக் கண்டு வியந்து மீள்கின்றனர். வியப்புத் தகுந்ததே. ஆயினும், அந்நகரின் பெயரையே வரலாற்று ஏடாகக் கொண்டு வாசிப்போர் எத்துணைப் பேர்?

கொர்டோபா என இன்று வழங்கும் குர்துபாவிலிருந்து ஆண்ட உமையா மரபின் அமீர் முதலாம் முஹம்மது (852-886), எல்லைக் காவலுக்காக மன்ஸனாரஸ் ஆற்றோரம் எழுப்பிய கோட்டையே மஜ்ரீத். நீரோடும் வழியைக் குறிக்கும் 'மஜ்ரா' என்னும் அரபுச் சொல் அப்பெயரில் ஒலிப்பதாக அறிஞர் பலர் கூறுவர். பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் ஆறாம் அல்போன்ஸோ அதனைக் கைப்பற்றினார். 1561 இல் இரண்டாம் பிலிப் தம் அரசவையை அங்கு அமைத்தார். கோட்டையிருந்த இடத்து அரண்மனை 1734 இல் தீக்கிரையாயிற்று. இன்றைய அரச மாளிகை அவ்விடத்தில் எழுந்ததே.

இவ்வூரிற் பிறந்த வானியல் அறிஞர் மஸ்லமா அல்-மஜ்ரீத்தி, அல்-குவாரிஸ்மியின் வானியல் அட்டவணைகளைக் குர்துபாவுக்கு ஏற்பத் திருத்தியமைத்தார். அதன் அரபு மூலம் அழிந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் லத்தீன் மொழிபெயர்ப்பே அதனைக் காத்தது.

அரச மாளிகைக்கு அருகில், சரிவான தெருவொன்றின் ஓரத்தே, அமீர் காலத்து மதிலின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. அதனடியிலுள்ள பூங்காவுக்கு அந்நகரத்தாரே அமீர் முதலாம் முஹம்மதின் பெயரைச் சூட்டியுள்ளனர். ஓவியங்களைக் கண்டு களித்த கண்கள் அக்கற்களையும் காணட்டும். பிறர் காத்துத் தந்த நூலையும் மதிலையும் நாம் படியாது விடின், இழப்பு நமதே.