தகரத் துண்டும் தொழிற்சான்றும்

1845ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் கொடைக்கானலில் முதலிரு வீடுகளை எழுப்பினர். 1863ஆம் ஆண்டில் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு ஏரியை உருவாக்கினார் என்று ஊர் வரலாறுகள் கூறுகின்றன. கல்லுடைத்தவர் யார், சுண்ணாம்பு குழைத்தவர் யார், ஏரிக்கு மண் சுமந்தவர் யார் என்று அவை கூறுவதில்லை. தொழிலறிந்தவனையும் அறியாதவனையும் ‘கூலி’ என்னும் ஒரே சொல்லில் அடக்கி எழுதிய காலம் அது. நம் இளைஞர் அவ்வேரிக்கரையில் நடக்கும்போது இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கடல் கடந்த நம் முன்னோர் நிலையும் அதுவே. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காக 1901இல் ‘துண்டு’ முறை வந்தது. அத்தகரத் துண்டில் தோட்டத்தின் எண் பொறிக்கப்பட்டிருந்தது. வழிச்செலவை எத்தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதற்கு அதுவே ஆதாரம். அதைச் சுமந்து சென்றவன் என்ன தொழில் அறிந்தவன் என்பதற்கு அதில் இடமில்லை.

1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. தாயகம் திரும்பியோருள் பலர் இப்பழனி மலைகளை வந்தடைந்தனர். தலைமுறை தலைமுறையாய்க் கற்ற தோட்டத்தொழில் இங்கே கணக்கில் ஏறவில்லை. மரம் வெட்டவும் வாட்டில் பட்டை உரிக்கவும் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தனர். சிலர் கொத்தடிமைகளாகவும் சிக்கினர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே இயற்றப்பட்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

இன்று நிலை முற்றும் மாறிவிட்டதா? 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா முதலியவற்றுக்கு வேலைக்குச் செல்ல அரசின் ஒப்புதல் பெறவேண்டும். அரசு ஏற்ற ஈராண்டுத் தொழிற்பயிற்சிச் சான்று உடையவர்க்கு விலக்கு உண்டு. ஆனால் தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரீஷியன் பயிற்சி ஈராண்டு. கொத்தனார் பயிற்சியோ ஓராண்டே! எட்டாம் வகுப்போடு அதிற் சேர்ந்து தேறிய பிள்ளைக்கு அச்சான்றால் இவ்விலக்குக் கிட்டுவதில்லை. ஏழைத் தொழிலாளரைக் காப்பதற்கென வந்த விதிதான், நாம் மறுக்கவில்லை. ஆயினும் அது அளப்பது கைத்திறனை அன்று, படித்த ஆண்டுகளை.

சிங்கப்பூர் வேறு வழி கண்டது. அந்நாட்டுக் கட்டட ஆணையம் ஏற்ற சோதனை நிலையங்கள் தமிழ்நாட்டிலேயே உள்ளன. கம்பி கட்டுதல், பலகை அடைத்தல், ஓடு பதித்தல் ஆகியவற்றை அங்கே செய்து காட்டவேண்டும். எழுத்துத் தேர்வும் உண்டு. உயர்திறன் நிலை பெற்ற தொழிலாளிக்காக முதலாளி அரசுக்குச் செலுத்தும் தீர்வையும் குறைவு. கைத்திறனுக்கு அங்கே ஒரு விலை இருக்கிறது. அதைப் பெறுவதற்கான பயிற்சிக்கும் தரகுக்கும் நம் பிள்ளைகள் வட்டிக்கு வாங்குவது தனிக்கதை.

பட்டறிவால் தொழில் கற்றோரைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை, 2015இல் தொடங்கிய பிரதமர் திறன் வளர்ச்சித் திட்டத்தின் வழியே நம் நாட்டிலும் பரவியது. பள்ளிச் சான்றில்லாத கொத்தனாரும் இதனால் பயன்பெறலாம். எனினும் அயல்நாட்டு முதலாளி அதனை ஏற்றே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தந்த நாட்டரசு நம் அரசோடு உடன்பட்டாலன்றி அச்சான்று எல்லை கடந்து செல்லாது.